எழுத வேண்டாம் என்று சொன்ன வரி

ஆல்பர்ட் ஒரு மனு எழுதினால் அதை இரண்டு முறை படித்துக் காட்டாமல் விடமாட்டார். கள்ளக்குறிச்சியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் திங்கட்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் மேசை போட்டு மனு எழுதுகிறார்கள். மற்றவர்கள் எழுதி முடித்த கையோடு மை டப்பாவைத் திறந்து, எதிரே இருப்பவரின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி, "உள்ள போயி வரிசையில நில்லு" என்று அனுப்பிவிடுவார்கள். குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அவர்கள் வேறு என்ன செய்வார்கள். ஆல்பர்ட் மட்டும் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் படிக்கிற அதே குரலில், 'அனுப்புநர்' தொடங்கி 'இப்படிக்கு' வரை நிறுத்தி நிறுத்திப் படிப்பார். கேட்பவர் தலையை ஆட்டினால் போதாது. "நீ சொன்னதுதான இது? நானா சேத்தது எதுனா இருக்குதா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அதற்குப் பிறகுதான் மை டப்பா திறக்கும். ரேகைக்குக் கீழே 'படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போடுவார். அப்படிப் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவராக வைத்துக்கொண்ட வழக்கம்.

வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நானே கேலி செய்திருக்கிறேன். "மனு எழுதறியா, பூசை வெக்கறியா?" என்பேன். சிரித்துக்கொண்டே, "அவங்க காதாலதான் படிக்கணும் வீரமணி, வேற வழி இல்ல" என்பார். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தாளை உரியவருக்குப் படித்துக் காட்டாமல் விட்டார். அதில் என் கையும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தியாகதுருகம் கடைத்தெருவில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். யூரியா மூட்டையும் பூச்சிமருந்தும் எடுத்துக் கொடுப்பது சோற்றுக்கு. மற்ற நேரத்தில் நான் இலக்கியப் பத்திரிகை ஆசிரியன். 'ஒருபக்கத் தாள்' என்று இணையத்தில் ஓர் இதழ் நடத்துகிறேன். மாத இதழ் என்று முகப்பில் போட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. ஆசிரியர் குழு என்று நான்கு பெயர்கள் இருக்கும். அதில் ஒன்று என் பெயர், இன்னொன்று என் புனைபெயர். மற்ற இருவரும் எங்கள் வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. பெயரை எடுத்தால் இதழ் இளைத்துத் தெரியும் என்று விட்டு வைத்திருக்கிறேன். இதுமாதிரி சின்னச் சின்ன இதழ்கள் இணையத்தில் எத்தனையோ உண்டு. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பாராட்டுகிறவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

ஆல்பர்ட்டை எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் பழக்கம். அப்பா அந்தோணிதாஸ், அம்மா அமலோற்பவம், இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போனவர்கள். மகனைக் கல்லூரியில் தமிழ் படிக்கச் சேர்த்தார்கள். இரண்டாம் வருடம் அப்பாவுக்கு இடுப்பு போனதும் மகன் படிப்பை விட்டுவிட்டு டைப்பிங் கற்றுக்கொண்டார். ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக்கொண்டிருந்தவர், கடையை மூடியதும் மேசையோடு தெருவுக்கு வந்துவிட்டார். மனைவி ஜெஸிக்கு அங்கன்வாடியில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். அதிர்ந்து பேசாத மனிதர். சரி என்று சொல்வதற்கென்றே பிறந்தவர் போல எதற்கும் சரி என்பார்.

மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வருகிறவர்கள் ஒரு வாழ்க்கையையே சொல்வார்கள். மனுவில் ஏறுவது அரைப்பக்கம். வரப்புத் தகராறு என்று வருகிறவர், அந்த வரப்பில் நின்ற நாவல் மரத்தின் பழத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார். உதவித்தொகை கேட்டு வருகிற அம்மாள், முதல் பிள்ளை பிறந்த அன்று பெய்த மழையைச் சொல்வார். 'பொருள்' என்ற இடத்தில் மழையை எழுத முடியுமா? ஆல்பர்ட் இவற்றை விட மனசில்லாமல் ஒரு பழைய டைரியில் குறித்து வந்தார். பிறகு அதிலிருந்து கவிதை செய்யத் தொடங்கினார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் மனு, சுத்தமான அலுவலகத் தமிழில். வலது பக்கம் மனுவில் ஏறாத பேச்சு, பேசியபடியே. அந்தப் பக்கத்து வரி ஒவ்வொன்றின் மேலும் ஓர் அடித்தல் கோடு கிடக்கும், ஆனால் எழுத்து தெரியும். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும்.

முதலில் அனுப்பிய நாலைந்து இதழ்கள் பதிலே போடவில்லை. ஒன்று மட்டும், 'தவறுதலாக வேறு கோப்பை இணைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது, கவிதையை அனுப்பவும்' என்று எழுதியது. அந்தக் கடிதத்தை எல்லோரிடமும் காட்டிச் சிரிப்பார். அவர் கவிதையை முதலில் போட்டவன் நான். பிறகு இன்னும் மூன்று இதழ்களில் வந்தது. வந்ததையெல்லாம் அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டு வைத்தார். கீழே நான்கு பேர் 'அருமை தோழர்' என்று எழுதியிருந்தால் அந்த நான்கு அருமையையும் சேர்த்து அச்செடுப்பார்.

அவருக்குக் கண்மண் தெரியாத ஆசை என்று இதை வைத்து நினைத்துவிடக் கூடாது. கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை சாவு விழுந்த சமயம் எங்கள் ஆட்கள் எல்லோரும் கவிதை எழுதினார்கள். நான் எழுதினேன். ஆல்பர்ட் எழுதவில்லை. அந்த வாரங்களில் அந்த வீட்டுக்காரர்களுக்கு விண்ணப்பமாக எழுதித் தள்ளினார். நான் கவிதை கேட்டபோது, "அது அவங்க வூட்டு சாவு வீரமணி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எது யாருடையது என்று தெரிந்த மனிதர்தான்.

பெரியம்மாள் என்கிற பெண் அடுத்த தை மாதம் ஒரு திங்கட்கிழமை மனு எழுத வந்தார். மலைமேல் கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்தார். கணவர் மாயவன் போன வருடம் குடகுக்கு மிளகு பறிக்கப் போனவர். கூடப் போனவர்கள் எல்லாம் சித்திரையிலேயே திரும்பிவிட்டார்கள், அவர் மட்டும் வரவில்லை. ஒரு நாள் காலையில் வேறொரு எஸ்டேட்டின் ஜீப்பில் ஏறிப் போனாராம். அதற்குப் பிறகு போன் அணைந்தே கிடக்கிறது. ஆளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று மனு.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தவர், குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். மாயவன் கிளம்பிய அன்று காலையில் இருவருக்கும் சண்டை. இந்த வருடம் போக வேண்டாம் என்று இவர் சொல்லியும் கேட்கவில்லை என்று கோபம். குளிக்க வெந்நீர் வைத்துக் கொடு என்று அவர் கேட்டாராம். இவர் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. அவர் பச்சைத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, சீப்பை மறந்து வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, "போற எடத்துலயே கெட. திரும்பி வராத" என்று இவர் சொல்லிவிட்டார்.

"இத எழுதிடாதண்ணே," என்றாராம் பெரியம்மாள். "பெரிய எடத்துக்குப் போற காயிதம். படிக்கறவங்க, நீதான வராதன்னு சொன்ன, இப்ப இன்னாத்துக்குத் தேடறன்னு கேட்டுட்டா நான் இன்னா சொல்லுவேன்."

ஆல்பர்ட் எழுதவில்லை. இரண்டு முறை படித்துக் காட்டினார். பெரியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அந்தப் பேச்சு அதில் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே விரலை நீட்டினார்.

சித்திரையில் அது கவிதையாக எனக்கு வந்தது. கூடவே ஒரு குறிப்பு. 'வீரமணி, பேரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். வலது பக்கம் ஏழாவது வரி மட்டும் உறுத்துகிறது. மற்றதெல்லாம் மனுவில் இடமில்லாமல் நான் விட்டது. இது அந்தம்மா விடச் சொன்னது. வேண்டாம் என்றால் எடுத்துவிடு.'

நான் எடுக்கவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். 'போற எடத்துலயே கெட, திரும்பி வராத' என்பது எனக்குச் சப்பென்று இருந்தது. எந்த வீட்டில் இந்தப் பேச்சு இல்லை? கவிதை அந்த இடத்தில் ஓங்கி அறைய வேண்டாமா? இரண்டு நாள் யோசித்தேன். கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அந்த வரியை எடுத்துவிட்டு இப்படிப் போட்டேன்:

'உம் பொணங்கூட இந்த மல ஏற வேணாம்.'

எழுதியதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. மருந்து கேட்டு வந்து நின்ற ஆளைக்கூடக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிலிர்ப்பை இப்போது நினைத்தால் என்மேலேயே அருவருப்பு வருகிறது.

இதழில் ஏற்றும் முன் ஆல்பர்ட்டுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார்.

"அந்தம்மா இப்டி சொல்லலியே."

"இது மனு இல்ல ஆல்பர்ட், கவித. இதுக்கும் சாட்சி கொண்டாரணுமா?"

அந்த வரியைப் போனிலேயே ஒரு முறை படித்துப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்குது," என்றார். "சரி, போடு."

அன்றைக்கு வீட்டில் ஜெஸி அதை வாங்கிப் படித்துவிட்டு, "இத அந்தம்மாவுக்கு படிச்சுக் காட்டுனியா?" என்று கேட்டாராம். இவர் எழுந்து வெளியே போய்விட்டாராம். இதெல்லாம் பின்னால் ஆல்பர்ட் எனக்குச் சொன்னது.

எங்கள் இதழில் ஒரு கவிதையை அறுபது பேர் பார்த்தால் அது திருவிழா. இதை ஆயிரத்து நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள். யாரோ அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, மூடுபனி படர்ந்த ஒரு மலைப் படத்தின்மேல் எழுதிச் சுற்றில் விட்டார்கள். கீழே ஆல்பர்ட்டின் பெயர். என் வரி, அவர் பெயர். எனக்குப் பெருமை ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாமா என்றுகூட நாலைந்து முறை தோன்றியது. சொல்லிக்கொள்ள வேண்டிய நாள் வந்தபோது என் வாய் எப்படி அடைத்துக்கொண்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆல்பர்ட் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். நானும் போனேன். அவருக்கு வாசகம் படித்துப் பழகிய குரல் அல்லவா, அந்த வரி வந்ததும் கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. ஒருவர் எழுந்து மலைப் பெண்களின் ஆவேசத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். அவர் மலையேறிப் பார்த்தவராகத் தெரியவில்லை. நான் பின் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஆல்பர்ட், "நல்லாத்தான இருந்துது?" என்று மூன்று முறை கேட்டார். நல்லா இருந்தது என்று மூன்று முறையும் சொன்னேன்.

ஆனி மாதம் பெரியம்மாள் மறுபடியும் வந்தார். மனு விசாரணையில் இருப்பதாகப் பதில் வந்திருந்தது. ஆள் கிடைத்த தகவல் ஒன்றும் இல்லை. இன்னொரு மனு எழுத வேண்டும். கூடவே ஒரு பலாப்பழம். வெள்ளிமலை தொடங்கி வளைவு வளைவாக இறங்குகிற பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னாத்துக்கும்மா இதெல்லாம்?" என்று ஆல்பர்ட் கேட்டார்.

"வூட்டு மரத்துல காய்ச்சதுண்ணே. புள்ளைங்களுக்கு குடு. எங்க பக்கம் ஒருத்தர நம்பி ஒரு வார்த்த சொல்ல முடியல, பொழுது சாயறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடுது. நீ எழுதாதன்னா எழுதல. ரெண்டு தரம் படிச்சப்பவும் நான் கேட்டுக்கினேதான் இருந்தேன். அது வரல."

அன்றைக்கு ஆதார் நகல் எடுத்துவர மறந்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆல்பர்ட் பழத்தை வீட்டுக்குத் தூக்கிப்போனார். ஜெஸி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்து, பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார். வீடு மூன்று நாள் மணத்தது. ஆல்பர்ட் ஒரு சுளைகூட வாயில் வைக்கவில்லை.

அன்று மாலையே எனக்குப் போன் வந்தது. "எடுத்துடு வீரமணி."

எதை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "எத?" என்று கேட்டேன். பலாப்பழத்தைச் சொன்னார். அவர் குரல் நன்றாக இல்லை. எனக்கு அப்போது என்ன கவலை தெரியுமா? ஒரு விமர்சகர் அந்தக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். கவிதையை எடுத்துவிட்டால் கட்டுரையிலிருந்து என் இதழுக்கு வருகிற வழி அடைபட்டுப்போகும். "ஒரு வாரம் பொறு ஆல்பர்ட்," என்றேன். "கட்டுரை வந்துடட்டும்." பொறுத்துக்கொண்டார். அவர் பொறுக்கிற ஆளாக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பேசினார். "நாளைக்கு அந்தம்மா வருது. படிச்சுக் காட்டப் போறேன். நீயும் வா, எனக்குத் தனியா தெம்பு இல்ல."

கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அவரைத் தடுக்கத்தான் போனேன். "ஏன்யா, அந்தம்மா கைநாட்டு. அவங்க எங்க இதப் பாக்கப் போறாங்க? சொல்லாம இருந்தா தெரியவே தெரியாது" என்றேன். ஆல்பர்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதனாலதான் சொல்லணும்ன்றேன்" என்றார்.

மதியத்துக்குமேல் கூட்டம் குறைந்தது. பெரியம்மாளின் மனுவை எழுதி, இரண்டு முறை படித்து, ரேகை வாங்கி எடுத்து வைத்தார். பிறகு கோப்பைத் திறந்து அச்செடுத்த அந்தத் தாளை எடுத்தார்.

"யம்மா, உன் மனு மாதிரியே இன்னொண்ணு எழுதனேன். உன்னக் கேக்காம எழுதனேன். படிக்கறேன், கேளு."

பெரியம்மாள் அதையும் மனு என்றுதான் நினைத்தார். ஸ்டூலில் சரியாக உட்கார்ந்து, மை பட்ட கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஆல்பர்ட் இடது பக்கத்தைப் படித்தார். பிறகு வலது பக்கம். பச்சைத் தண்ணீர் வந்தது, மறந்துபோன சீப்பு வந்தது. பெரியம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஏழாவது வரியில் ஆல்பர்ட் தடுமாறினார். ஆனாலும் விடாமல் படித்தார்.

"நிறுத்து," என்றார் பெரியம்மாள். "நான் அப்டி சொல்லல."

ஆல்பர்ட் தாளை மேசைமேல் வைத்தார்.

"போற எடத்துலயே கெடன்னுதாண்ணே சொன்னேன். அதையே எழுதாதன்னேன். பொணம்னு நான் எங்க சொன்னேன்? நீ இன்னாத்துக்கு பொணம்னு எழுதன?"

பக்கத்தில் நிற்கிறானே, இவன் எழுதினது என்று ஆல்பர்ட் ஒரு கை காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. "தப்புதாம்மா," என்றார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வரி என்னுடையது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவன், அங்கே ஒரு பஸ் திரும்புவதை அதிசயம்போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவரு ரோசக்காரரு," என்றார் பெரியம்மாள். "நான் சொன்ன சொல்லுக்காக எங்கயோ கெடக்கறாரு, ரோசம் தணிஞ்சா வந்துடுவாருன்னுதான் நான் உசுர வெச்சிக்கினு இருக்கறேன். நீ அவர பொணமாக்கிட்டியே. இத யாருக்குக் குடுத்த?"

"யாருக்கும் குடுக்கல. போனுல போட்டோம். பாக்கறவங்க பாப்பாங்க."

"எத்தினி பேரு பாத்தாங்க?"

"ஆயிரத்துக்கு மேல."

"அதுல யாருனா அவரத் தேடுனாங்களா?"

ஆல்பர்ட் இல்லை என்று தலையை ஆட்டினார். பெரியம்மாள் மை பட்ட விரலை மறுபடியும் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அடுத்துக் கேட்டதுதான் எனக்கு இன்றுவரை இறங்கவில்லை.

"அவரு எழுத்துக் கூட்டிப் படிப்பாரு. போனு வெச்சிருக்காரு. வெந்நீரும் சீப்பும் இருக்குது, படிச்சா நம்ம வூட்டு சங்கதின்னு தெரியாதா? நான் இப்டி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேன்னு நெனச்சுட்டா, அப்புறம் அவரு வருவாரா?"

ஆயிரத்து நூற்று நாற்பது என்ற எண்ணை நான் நாளைக்குப் பத்து முறை எடுத்துப் பார்த்திருப்பேன். அதில் ஒருவர் மாயவனாக இருக்கலாம் என்று ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. அங்கேயே போனை எடுத்துக் கவிதையை நீக்கினேன். "எடுத்துட்டேம்மா," என்றேன். அது பாதி உண்மைதான். அந்த மூடுபனிப் படம் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க என்னால் ஆகாது.

"எடுத்தா ஆச்சா?" என்றார் பெரியம்மாள். "அது இருந்த எடத்துலயே நான் சொல்றத போடுங்க."

ஆல்பர்ட் புதுத் தாள் எடுத்தார். பெரியம்மாள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லைக்கூட அலுவலகத் தமிழாக்காமல் எழுதினார்.

'மாயவனுக்கு பெரியம்மாள் சொல்றது. நான் பொணம்னு சொல்லல. போற எடத்துல கெடன்னு சொன்னேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாது. வெந்நீர் வெச்சுக் குடுக்காதது என் தப்பு. சீப்பு வூட்லதான் இருக்குது. வந்துடு.'

இரண்டு முறை படித்துக் காட்டினார். பெரியம்மாள் ரேகை வைத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "வரேன் சார்" என்றார். அதுவரை அவர் ஆல்பர்ட்டை ஒரு முறைகூட சார் என்று சொன்னதில்லை.

தாளைப் படமெடுத்து, கவிதை இருந்த அதே இடத்தில் போட்டேன். இரண்டு நாளில், புதுச்சேரிக் கூட்டத்தில் எழுந்து பேசிய அந்த மனிதர் கீழே எழுதியிருந்தார்: 'வடிவத்தின் உச்சம். ரேகையையே கவிதையின் கடைசி வரியாக்கிய துணிச்சல். ஆல்பர்ட்டின் ஆகச் சிறந்த ஆக்கம்.' பதினாறு பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு மாதம் முன்பு நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஆல்பர்ட் அதோடு கவிதையை நிறுத்திவிட்டார். டைரியை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கோயிலில் வாசகம் படிப்பதையும் விட்டுவிட்டார். கொஞ்ச நாள் வேறு யாரையாவது படிக்கச் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்காருகிறாராம். மனு மட்டும் எழுதுகிறார், வழக்கம்போலப் படித்தும் காட்டுகிறார். பெரியம்மாள் இப்போது மூன்று மேசை தள்ளி கவியரசன் என்பவரிடம் எழுதுகிறார். கவியரசன் லேப்டாப்பில் அடித்து உடனே தாளை எடுத்துக் கொடுப்பார், படித்துக் காட்டுகிற வேலையெல்லாம் இல்லை. போகும்போதும் வரும்போதும் பெரியம்மாள் ஆல்பர்ட்டிடம், "நல்லாருக்கீங்களா சார்?" என்று கேட்காமல் போவதில்லை. இப்படிச் சார் போட்டுக் கேட்பதற்கு அந்தம்மா பேசாமலே போகலாம் என்று ஆல்பர்ட் ஒரு நாள் சொன்னார்.

ஐப்பசியில் இதை எழுதி முடித்து ஆல்பர்ட்டிடம் கொடுத்தேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார். ஒன்று அவர் அப்பாவைப் பற்றியது, மற்றொன்றை நான் இங்கே சொல்லக் கூடாது. இரண்டையும் எடுத்துவிட்டேன். "அந்த வரி உன்னுதுன்னு இப்ப எதுக்கு எழுதற? முடிஞ்சு போச்சு" என்றார். எனக்கு முடியவில்லை என்றேன். "அப்ப அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டு," என்றார். "நான் படிக்க மாட்டேன். நீ படி."

அடுத்த திங்கட்கிழமை போனேன். பெரியம்மாள் கவியரசனின் வரிசையில் நின்றிருந்தார். கேட்டதும் வந்து ஆல்பர்ட்டின் ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்கு வாசகம் படிக்கிற குரல் கிடையாது. பலாப்பழம் வந்த இடத்தில், "அது சின்ன பழந்தான்" என்றார். என் வரி வந்த இடத்தில் கையைத் தூக்கினார்.

"அந்த பொணத்த எழுதுனது நீங்களா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு இங்கதான நின்னுக்கினு இருந்தீங்க?"

"ஆமாம்மா."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. திட்டவில்லை. ஆல்பர்ட் பக்கம் திரும்பினார்.

"நீ ஏண்ணே சொல்லல?"

"எம் பேருலதானம்மா வந்துது," என்றார் ஆல்பர்ட். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணே என்றதற்கா வேறெதற்கா, எனக்குத் தெரியாது.

"மிச்சத்த படிங்க," என்றார் பெரியம்மாள் என்னிடம். கடைசி வரை படித்தேன். முடித்துவிட்டு, இதில் வருகிற பேரையும் ஊரையும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் அப்படித்தான் மாற்றுவோம் என்றும் சொன்னேன்.

"மாத்துனா," என்றார், "அவருக்கு எப்டி சார் தெரியும்?"

மாற்றவில்லை. தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.